சிறு நரம்பிழை நோயில் ஆட்டோஇம்யூனின் பங்கு: எங்கே தேடுவது, எப்போது மருந்து ஏற்றுவது

கேள்வியின் சுருக்கம்: 42 வயதுப் பெண். எட்டு மாதமாகப் பாதங்களில் எரிச்சல். மூன்றாவது மாதத்திலேயே முகம், தொடை, முதுகு என்று திட்டுத் திட்டாகப் பரவிவிட்டது. எழுந்து நின்றால் படபடப்பு. நரம்புக் கடத்தல் சோதனை நார்மல். கணுக்காலுக்கு மேல் எடுத்த தோல் பயாப்ஸியில் மில்லிமீட்டருக்கு 3.4 இழைகள். ஏஎன்ஏ (செல் கருவுக்கு எதிரான ஆன்டிபாடி) 1:80 பாசிட்டிவ், டிஎஸ்-எச்டிஎஸ் (ஹெபாரின் வகைச் சர்க்கரை மூலக்கூறுக்கு எதிரான) ஆன்டிபாடி பாசிட்டிவ். இது ஆட்டோஇம்யூன்தானா, அதாவது நோயெதிர்ப்பு சொந்த உடம்பையே தாக்குவதா? இம்யூனோகுளோபுலின் (கொடையாளிகளின் ரத்தத்திலிருந்து பிரித்த ஆன்டிபாடி மருந்து) ஏற்றிக்கொள்ளலாமா?

முதலில் நேரடியான பதில். சிறு நரம்பிழைகள் குறைந்திருப்பது உறுதி. ஆட்டோஇம்யூன் காரணம் இருக்கலாம் என்று என்னை யோசிக்க வைப்பது வலி பரவிய விதமும் வேகமும்தான். அந்த இரண்டு ஆன்டிபாடி முடிவுகளுக்கும் அவ்வளவு எடை கிடையாது. ஏற்றிக்கொள்ளலாமா என்பதற்கு இப்போதைக்கு என் பதில்: இன்னும் இல்லை. அதற்கு முன் செய்ய வேண்டிய சில சோதனைகளை மருந்து ஏற்றிய பிறகு நம்பகமாகச் செய்ய முடியாது. அதனால் வரிசை முக்கியம்.

கடத்தல் சோதனை ஏன் நார்மல் என்ற குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். அந்தச் சோதனை அளப்பது மயலின் உறை தடித்த பெரிய இழைகளை மட்டும். வலி, சூடு, குளிர், அரிப்பு ஆகியவற்றைக் கொண்டுபோவது மெல்லிய உறை கொண்ட ஏ-டெல்ட்டா இழைகளும் உறையே இல்லாத சி இழைகளும். சி இழையில் செய்தி நொடிக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் வேகத்தில்தான் நகரும். சாதாரண மின்முனைகள் அதைப் பதிவு செய்வதில்லை. வியர்வை, ரத்தக்குழாய்ச் சுருக்கம், குடல் அசைவு, நிற்கும்போது ரத்த அழுத்தத்தைத் தாங்குவது எல்லாம் இதே வகை மெல்லிய இழைகளின் வேலை. எரிச்சலும் படபடப்பும் ஒரே ஆளுக்குச் சேர்ந்து வருவது அதனால்தான்.

உங்கள் 3.4 என்ற எண்ணைப் பார்ப்போம். கணுக்கால் எலும்புக்கு 10 செ.மீ. மேலே, காலின் வெளிப்பக்கத்தில், 3 மி.மீ. பஞ்ச் கொண்டு எடுத்து, 50 மைக்ரான் தடிமனில் வெட்டி, நரம்பிழையைக் காட்டும் பிஜிபி 9.5 சாயமிட்டு, மேல்தோலுக்குள் நுழையும் இழைகளை எண்ணுவது முறை. 2010-இல் வெளியான பன்னாட்டு அளவீட்டில், 40 முதல் 49 வயதுப் பெண்களுக்குக் கீழ் எல்லை 5.7, அதே வயது ஆண்களுக்கு 4.4. எழுபதைத் தாண்டிய பெண்ணுக்கு அது 2.2 வரை இறங்கும். அதாவது 3.4 என்பது எழுபது வயதில் நார்மல், உங்கள் வயதில் குறைவு. வயதும் பாலும் சேர்க்காமல் ஒரே கட்-ஆஃப் வைத்து ரிப்போர்ட் தரும் ஆய்வகம் என்றால் முடிவை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பயாப்ஸி பொய் சொல்லும் இடங்களும் உண்டு. சாதாரண ஃபார்மலினில் போட்டு அனுப்பினால் சாயம் சரியாக ஏறாமல் இழைகள் துண்டு துண்டாகத் தெரியும். ஜம்போனி கரைசல் போன்ற தனித் திரவம் வேண்டும். வீக்கம் உள்ள கால், தழும்பு, அதே இடத்தில் பல வாரம் தடவிய ஸ்டீராய்டு களிம்பு, 8 சதவீத கேப்சைசின் பேட்ச் ஆகியவை எண்ணைக் குறைத்துக் காட்டும். கேப்சைசின் மேல்தோல் இழைகளை வேண்டுமென்றே சுருங்க வைப்பது. அவை திரும்ப வளர மாதங்கள் ஆகும். எதிர்ப்பக்கத் தவறும் நடக்கும்: திட்டுத் திட்டாக வரும் நோயில் கணுக்கால் நார்மலாக இருந்து, தொடை மட்டும் வெறுமையாக இருக்கலாம். உங்களுக்கு முகத்திலும் தொடையிலும் தொந்தரவு இருப்பதால், இடுப்பு எலும்பு முனைக்கு 20 செ.மீ. கீழே தொடையிலும் ஒரு துண்டு எடுத்திருந்தால் தகவல் இரட்டிப்பாகியிருக்கும். தொடையிலும் கணுக்காலிலும் ஒரே அளவு குறைந்திருந்தாலோ, தொடையில் அதிகம் குறைந்திருந்தாலோ, பிரச்சினை நரம்பின் நுனியில் தொடங்கவில்லை, வேர்க்கணுவில் இருக்கிறது என்று சந்தேகிக்கலாம்.

அந்த வேர்க்கணுவில்தான் ஆட்டோஇம்யூன் கதையின் மையம் இருக்கிறது. முதுகுத்தண்டின் பக்கவாட்டில் உணர்வு நரம்பு செல்கள் குடியிருக்கும் சின்ன முடிச்சு அது. மூளையையும் நரம்புத் தண்டையும் ரத்தத்திலிருந்து பிரித்துக் காக்கும் தடுப்பு இங்கே தளர்வு. ரத்தக்குழாய்ச் சுவரில் துளைகள் உண்டு. ரத்தத்தில் சுற்றும் ஆன்டிபாடியும் அழற்சிப் புரதங்களும் நேராக செல்லின் உடம்பையே தொட முடியும். முகத்துக்குப் போகும் செல்லைத் தாக்கினால் முகம் எரியும், தொடைக்குப் போகும் செல்லைத் தாக்கினால் தொடை எரியும். நரம்பின் நீளத்துக்கு இதில் சம்பந்தமே இல்லை. சர்க்கரை நோயில் அப்படியல்ல: மிக நீண்ட இழையின் நுனி முதலில் வாடும், விரல் நுனியில் தொடங்கி முழங்கால் வரை ஏறிய பிறகே கைகளுக்கு வரும். எட்டு மாதத்துக்குள் முகத்துக்கு வந்த எரிச்சலை இந்தப் படத்துக்குள் பொருத்த முடியாது.

தாக்குதல் ஒரே வழியில் நடப்பதில்லை. டி செல்கள் வேர்க்கணுவுக்குள் புகுந்து நரம்பு செல்லையே கொல்லலாம். கண்ணீர், எச்சில் சுரப்பிகளை நோயெதிர்ப்பு தாக்கும் ஷோக்ரன் நோயில் அது நடக்கும். ரத்தக்குழாய் அழற்சியில் நரம்புக்கு ரத்தம் போவது தடைபடும். டிஎன்எஃப்-ஆல்ஃபா, இன்டர்லூக்கின்-1 பீட்டா, இன்டர்லூக்கின்-6 போன்ற அழற்சிப் புரதங்கள் இழையைக் கொல்லாமலே அதன் சோடியம் சேனல்களைக் கிளறிவிடும். காஸ்பர்2 புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடி இன்னொரு விதம்: பொட்டாசியம் சேனல்களைக் குறைத்து, செல்லை ஓயாமல் சுட வைக்கும், இழை எண்ணிக்கை மாறாமலே வலி கொல்லும். ஆகவே பயாப்ஸி நார்மல் என்றால் வலி கற்பனை என்று யாராவது சொன்னால் அது அறிவியல்படி தவறு.

ஆன்டிபாடி மட்டுமே வலியை உண்டாக்க முடியும் என்பதற்கு வலுவான செய்முறைச் சான்று 2021-இல் வந்தது. ஃபைப்ரோமயால்ஜியா (உடல் முழுக்கப் பரவும் நாள்பட்ட வலி) நோயாளிகளின் ரத்தத்திலிருந்து ஐஜிஜி என்ற ஆன்டிபாடி வகையைப் பிரித்து எலிகளுக்கு ஏற்றினார்கள். எலிகள் அழுத்தத்துக்கும் குளிருக்கும் கூடுதலாகத் துடித்தன, பாதத் தோலில் இழைகள் குறைந்தன. ஐஜிஜி-யை நீக்கிய சீரம் ஒன்றும் செய்யவில்லை. ஏற்றிய ஐஜிஜி உடலிலிருந்து வடிந்ததும், சில வாரங்களில், எலிகள் தேறின. அந்த ஐஜிஜி ஒட்டிக்கொண்டது வேர்க்கணுவில் நரம்பு செல்லைச் சுற்றியிருக்கும் துணை செல்களில். இது சிறு நரம்பிழை நோயாளிகள் எல்லாருக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வழி ஒன்று இருக்கிறது என்பதற்கு மட்டும் சான்று.

எத்தனை பேருக்கு? நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் மையம் 2018-இல் வெளியிட்ட 921 பேர் தொகுப்பில், நோயெதிர்ப்பு சார்ந்த நிலைகள் 19 சதவீதம், சோடியம் சேனல் மரபணு மாற்றங்கள் 16.7, சர்க்கரை மற்றும் சர்க்கரைக்கு முந்திய நிலை 7.7, பி12 குறைவு 4.7. பாதிக்கு மேல், 53 சதவீதம், காரணம் தெரியாதவர்கள். இந்த 53-ஐ அப்படியே ஆட்டோஇம்யூன் கணக்கில் எழுதிவிடும் போக்கு இணையத்தில் பரவியிருக்கிறது. அதற்கு ஆதாரம் போதாது, அதன் பேரில் தேவையற்ற மருந்து ஏற்றிக்கொண்டு உடம்பைக் கெடுத்துக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். மறுபக்கம், 19 சதவீதம் என்பது ஐந்தில் ஒருவருக்கு அருகில். தேடாமல் "காரணம் இல்லை" என்று கோப்பை மூடுவதும் அதே அளவு தவறு.

இனி உங்கள் இரண்டு முடிவுகள். ஏஎன்ஏ 1:80 அளவில் நோயே இல்லாதவர்களில் நூற்றுக்கு 13 பேருக்குப் பாசிட்டிவ் வரும். 1:160-இல் 5 பேருக்கு. 1:80 தனியாக ஒன்றும் சொல்லாது. டிஎஸ்-எச்டிஎஸ் பற்றி இன்னும் கவனம் தேவை. இதுவும் எஃப்ஜிஎஃப்ஆர்3 என்ற இன்னொரு ஆன்டிபாடியும் சிறு நரம்பிழை நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு இருக்கின்றன, ஆனால் வேறு நரம்பு நோய் உள்ளவர்களிடமும் நோயற்றவர்களிடமும் தென்படுகின்றன. இவைதான் நரம்பைக் கெடுக்கின்றன என்று நிறுவப்படவில்லை. இந்த இரண்டு ஆன்டிபாடி உள்ளவர்களை மட்டும் சேர்த்து இம்யூனோகுளோபுலினையும் போலி மருந்தையும் ஒப்பிட்ட சோதனையில் 17 பேர் இருந்தார்கள். ஆறு மாதம் கழித்து இழை எண்ணிக்கையில் வேறுபாடு இல்லை. சிறிய சோதனை என்பது உண்மை. ஆனாலும் அந்த ஆன்டிபாடியைச் சிகிச்சைக்கான அனுமதிச் சீட்டாகக் கொள்ள முடியாது.

தேட வேண்டியவற்றில் முதலிடம் ஷோக்ரனுக்கு. இதில் நரம்பு எரிச்சல் கண், வாய் வறட்சிக்குப் பல ஆண்டுகள் முன்பே வரலாம். ஷோக்ரனுக்கு வழக்கமாகப் பார்க்கும் எஸ்எஸ்ஏ ஆன்டிபாடி நெகட்டிவ் என்றதும் பலர் நிறுத்திவிடுகிறார்கள். சிறு நரம்பிழை வலியோடு வரும் ஷோக்ரனில் கணிசமானோருக்கு அது நெகட்டிவ்தான். ஆகவே அடுத்த படி: கண்ணீரை அளக்கும் ஷிர்மர் சோதனை, ஐந்து நிமிடத்தில் கண்ணிமையில் வைத்த காகிதம் 5 மி.மீ. அல்லது அதற்குக் குறைவாக நனைந்தால் வறட்சி. தூண்டாத எச்சில் நிமிடத்துக்கு 0.1 மி.லி. அல்லது அதற்குக் கீழ் என்றால் குறைவு. பிறகு கீழுதட்டின் உட்புறத்திலிருந்து சின்ன எச்சில் சுரப்பிகளை எடுக்கும் பயாப்ஸி. 4 சதுர மி.மீ. பரப்பில் ஐம்பதுக்குக் குறையாத லிம்ஃபோசைட் கொண்ட கூட்டம் குறைந்தது ஒன்று இருக்க வேண்டும். சுரப்பி போதாமல் வெறும் தசையும் கொழுப்பும் வந்துவிடுவது இங்கே அடிக்கடி நடக்கும் தோல்வி. நான்கைந்து சுரப்பிகள் எடுக்கச் சொல்லுங்கள், அந்தக் கூட்டங்களின் கணக்கான ஃபோகஸ் ஸ்கோரை எண்ணாகத் தரச் சொல்லுங்கள். 2016 வகைப்பாட்டில் எஸ்எஸ்ஏ-வுக்கு 3, உதட்டு பயாப்ஸிக்கு 3, கண் சாயச் சோதனை, ஷிர்மர், எச்சில் அளவு ஒவ்வொன்றுக்கும் 1; மொத்தம் 4 வந்தால் ஷோக்ரன். எச்சிலைக் குறைக்கும் மாத்திரை எடுக்கிறவராக இருந்தால் அந்த அளவை நம்ப முடியாது. அமிட்ரிப்டிலின் அதில் முக்கியமானது. நரம்பு வலிக்கே அதைக் கொடுப்பதால் இந்தச் சிக்கல் சகஜம்.

சீலியாக் நோய்க்கு (கோதுமையின் க்ளூட்டன் புரதத்தால் நோயெதிர்ப்பு குடலைத் தாக்குவது) டிடிஜி-ஐஜிஏ ஆன்டிபாடி, கூடவே மொத்த ஐஜிஏ. கோதுமை உணவை நிறுத்திய பிறகு செய்தால் பொய் நெகட்டிவ் வரும். வயிற்றில் தொந்தரவே இல்லாமல் நரம்பில் மட்டும் காட்டும் சீலியாக்கும் உண்டு. உறுப்புகளில் அழற்சி முடிச்சுகள் வளரும் சார்காய்டோசிஸுக்கு மார்பு ஸ்கேன், கண் பரிசோதனை. ரத்தத்தில் ஏசிஇ என்சைம் அளவை மட்டும் நம்ப வேண்டாம். லூபஸுக்கு டிஎஸ்டிஎன்ஏ, சி3, சி4, சிறுநீரில் புரதம். ஹெபடைடிஸ் சி, எச்ஐவி, கிரையோகுளோபுலின் (குளிரில் உறையும் ரத்தப் புரதம்) மூன்றையும் விடக் கூடாது. ஹெபடைடிஸ் சி ஷோக்ரன் போலவே வேஷம் போடும்.

ஆட்டோஇம்யூன் தேடும் உற்சாகத்தில் சாதாரணக் காரணங்கள் கைநழுவுவதுதான் எனக்குப் பெரிய கவலை. எச்பிஏ1சி (சில மாதச் சராசரி சர்க்கரை) நார்மல் என்றாலும் 75 கிராம் குளுக்கோஸ் சோதனை செய்யுங்கள். இரண்டு மணி நேர அளவு 140 முதல் 199 என்றால் சர்க்கரைக்கு முந்திய நிலை. பி12 எல்லையோரத்தில் இருந்தால் மீதைல்மலோனிக் அமிலம் பாருங்கள். சத்து மாத்திரைகளில் பி6 எவ்வளவு என்று கூட்டிப் பாருங்கள். நரம்புக்கு நல்லது என்று எடுக்கும் பி6 அதிகமானால் நரம்பையே கெடுக்கும். இம்யூனோஃபிக்ஸேஷனும் ஃப்ரீ லைட் செயினும் செய்து அமைலாய்டு (உறுப்புகளில் பிழையான புரதம் படிவது) வாய்ப்பைப் பாருங்கள். இரண்டு கையிலும் மணிக்கட்டு நரம்பு அழுத்தம், எடைக் குறைவு, இதயத் தசை தடிப்பு சேர்ந்திருந்தால் பரம்பரை அமைலாய்டுக்கான டிடிஆர் மரபணுச் சோதனையும் தேவை. எடுத்து வைத்த தோல் துண்டிலேயே அமைலாய்டைக் காட்டும் காங்கோ ரெட் சாயம் போடச் சொல்லலாம். சிறு வயதிலிருந்தே கை கால் எரிச்சலும் வியர்வைக் குறைவும் இருந்திருந்தால் பரம்பரை என்சைம் குறைபாடான ஃபேப்ரி நோயைச் சந்தேகிக்க வேண்டும். பெண்களுக்கு என்சைம் அளவு நார்மலாக வரலாம் என்பதால் மரபணுச் சோதனையே சரியானது.

படபடப்புக்கு வீட்டிலேயே ஒரு நல்ல அளவீடு எடுக்கலாம். பத்து நிமிடம் படுத்திருந்து நாடியும் ரத்த அழுத்தமும் குறியுங்கள். எழுந்து நின்று 1, 3, 5, 10-ஆவது நிமிடங்களில் மறுபடி குறியுங்கள். தலை சுற்றினால் உட்கார்ந்துவிடுங்கள், பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும். அழுத்தம் இறங்காமல் நாடி 30-க்கு மேல் ஏறி நின்றால் போட்ஸ். மூன்று நிமிடத்துக்குள் மேல் அழுத்தம் 20 அல்லது கீழ் அழுத்தம் 10 இறங்கினால் அது நிலை மாறும்போது வரும் தாழ்வழுத்தம். பிந்தையது திடீரென்று தொடங்கி, கூடவே மலச்சிக்கல், சிறுநீர் தேக்கம், வெளிச்சத்துக்குச் சுருங்காத கண்மணி எல்லாம் சேர்ந்தால் கேங்க்லியானிக் அசெட்டைல்கோலின் ரிசெப்டர் ஆன்டிபாடியை அவசரமாகப் பார்க்க வேண்டும். அது தனி நோய், நோயெதிர்ப்புச் சிகிச்சைக்குப் பலன் தருவது. அதேபோல், கண்ணை மூடினால் தள்ளாட்டம், கை எங்கே இருக்கிறது என்றே தெரியாமை வந்தால் வேர்க்கணுவின் பெரிய செல்களும் போகின்றன. அங்கே புற்றுநோயோடு வரும் ஆன்டி-எச்யு ஆன்டிபாடியும் நுரையீரல் ஸ்கேனும் சில நாட்களுக்குள் வேண்டும். திடீரென்று ஒரு பாதமோ மணிக்கட்டோ தொங்கிப்போனால் ரத்தக்குழாய் அழற்சி. இவை மூன்றும் காத்திருக்கும் விஷயங்கள் அல்ல.

இப்போது இம்யூனோகுளோபுலின். 2021-இல் மாஸ்ட்ரிக்ட் குழு, காரணம் தெரியாத வலிமிகு சிறு நரம்பிழை நோயாளிகள் 60 பேரிடம் செய்த இரட்டை மறைப்புச் சோதனையில், வலி ஒரு புள்ளியாவது குறைந்தவர்கள் மருந்தில் 40 சதவீதம், போலி மருந்தில் 30 சதவீதம். வேறுபாடு புள்ளியியல்படி தேறவில்லை. அதற்கு முன் 2018-இல் பாஸ்டன் மருத்துவர்கள் ஆட்டோஇம்யூன் சந்தேகமுள்ள 55 பேரின் பழைய கோப்புகளைப் பார்த்தபோது முக்கால்வாசிப் பேர் தேறியதாகச் சொன்னார்கள், ஆனால் ஒப்பீட்டுக் குழு கிடையாது. இரண்டையும் சேர்த்து என் தீர்ப்பு: காரணம் தெரியாதவர்களுக்கெல்லாம் ஏற்றுவது பயனற்றது. ஷோக்ரன், சார்காய்டு போன்ற நோய் உறுதியாகி, வேகமாகப் பரவுகிறவருக்கும், தொற்றுக்குப் பின் சில வாரங்களில் வெடித்த நோய்க்கும் காலவரம்பு வைத்து முயல நியாயம் உண்டு.

முயல்வதானால் இப்படி. வழக்கமான தொடக்க அளவு கிலோவுக்கு 2 கிராம், ஐந்து நாட்களில் பிரித்து. 60 கிலோ உடம்புக்கு மொத்தம் 120 கிராம், நாளுக்கு 24. ஏற்றும் முன் ஐஜிஏ, கிரியேட்டினின், ரத்த எண்ணிக்கை, ரத்த வகை, ஹெபடைடிஸ் பி மற்றும் சி. ஆன்டிபாடிச் சோதனைகள் எல்லாவற்றுக்கும் ரத்தம் முன்கூட்டியே எடுத்து வைத்திருக்க வேண்டும்: ஆயிரக்கணக்கான கொடையாளிகளின் ஆன்டிபாடிகள் உள்ளே போவதால், பின்னால் செய்தால் ஏஎன்ஏ, ஹெபடைடிஸ் பி கோர் எல்லாம் கடன் வாங்கிய பாசிட்டிவ் காட்டும், அது கழிய மாதங்கள் ஆகும். முதலில் சொன்ன வரிசை இதற்காகத்தான். 10 சதவீதக் கரைசலை முதல் அரை மணி நேரம் கிலோவுக்கு மணிக்கு 0.5 மி.லி. என்று மெதுவாகத் தொடங்கினால், அதாவது 60 கிலோ உடம்புக்கு மணிக்கு 30 மி.லி., தலைவலியும் நடுக்கமும் பெரிதும் குறையும். முதல் நாளே கழுத்து விறைப்போடு கடும் தலைவலி என்றால் கிருமியில்லாத மூளைச்சவ்வழற்சி. ஒரு காலில் மட்டும் வீக்கம், மூச்சிரைப்பு என்றால் ரத்தக்கட்டி; உடனே மருத்துவமனை. ஏ, பி, ஏபி ரத்த வகைக்காரர்களுக்கு அடுத்த பத்து நாளில் ஹீமோகுளோபின் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும்.

எதை வைத்துப் பலனை முடிவு செய்வது என்பதை ஏற்றும் முன்பே எழுதி வையுங்கள்: இரண்டு வாரச் சராசரி வலி எண், நிற்கும்போது ஏறும் நாடி, முடிந்தால் வியர்வைச் சோதனை. மூன்று மாதத்தில் வலி குறைந்தது 2 புள்ளியாவது இறங்கவில்லை, மற்ற அளவுகளும் அசையவில்லை என்றால் நிறுத்துங்கள். இழைகள் வளர்வது அதைவிட மெதுவாக நடக்கும். மறு பயாப்ஸியை ஓர் ஆண்டு ஆவதற்குள் எடுத்துப் பயனில்லை.

பிரட்னிசலோன் பற்றி ஒரு எச்சரிக்கை. கிலோவுக்கு 1 மி.கி. என்று சில வாரம் கொடுத்துப் பார்ப்பது வழக்கத்தில் உண்டு. சர்க்கரைக்கு முந்திய நிலையில் உள்ளவருக்கு அது சர்க்கரையை ஏற்றி, அதே சிறு இழைகளை இன்னொரு வழியில் கெடுக்கும். தொடங்கும் முன் காசநோய், ஹெபடைடிஸ் பி பார்ப்பதும், வாரா வாரம் சர்க்கரை பார்ப்பதும் கட்டாயம். ஹைட்ராக்சிகுளோரோகுயின் ஷோக்ரன் மூட்டுவலிக்கு உதவலாம்; நரம்பு எரிச்சலுக்கு அதை நம்பி மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். சார்காய்டில் இன்ஃப்ளிக்சிமாப் சிலருக்கு நன்றாக வேலை செய்கிறது, அதே குடும்ப மருந்துகள் அரிதாக நரம்பு நோயைக் கிளப்பவும் செய்கின்றன. புதிதாக மரத்துப்போனால் சொல்லிவிடுங்கள். சீலியாக் உறுதியானால் க்ளூட்டனை முழுமையாக விலக்குவதே மருந்து.

வலிக்கான மருந்து இதற்கெல்லாம் காத்திருக்க வேண்டியதில்லை. டுலாக்ஸெடின் 30 மி.கி.யில் தொடங்கி இரண்டாவது வாரம் 60. அல்லது கபாபென்டின் இரவு 300-இல் தொடங்கி, சிறுநீரகம் சரியாக இருந்தால், மூன்று வேளையாகப் பிரித்து 1,800 முதல் 3,600 வரை. நூறு நூறாக எடுத்துவிட்டு "வேலை செய்யவில்லை" என்று கைவிடுவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. உங்களுக்கு நின்றால் படபடப்பு இருப்பதால் அமிட்ரிப்டிலினைத் தவிர்ப்பது நல்லது. நாடியை ஏற்றும், வாயை உலர்த்தும். சின்ன இடத்துக்கு 5 சதவீத லிடோகெய்ன் பேட்ச், 12 மணி நேரம் ஒட்டி 12 மணி நேரம் எடுத்துவிடுங்கள்.

இந்த முறை தேடல் முழுக்க வெறுங்கையாக முடிந்தாலும் கோப்பை மூடச் சொல்லாதீர்கள். கண் உலர்வு, பல் சொத்தை திடீரென்று கூடுவது, கன்னச் சுரப்பி வீக்கம், மூட்டு வீக்கம், தோலில் ஊதாப் புள்ளிகள் இவற்றில் ஏதாவது வந்தால் உடனே, ஒன்றும் வராவிட்டாலும் ஆண்டுக்கு ஒரு முறை, எஸ்எஸ்ஏ, சி4, இம்யூனோஃபிக்ஸேஷன், சர்க்கரை ஆகிய நான்கையும் திரும்பச் செய்யுங்கள்.